மெஷின் வந்தாயிற்று, ஆர்டர் எங்கே? கோவையில் ஜாப் ஒர்க் தொடங்குபவர்கள் ஆள் பழகும் வழி

சிஎன்சி லேத்தை (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) லாரியிலிருந்து இறக்கி, லெவல் பார்த்து, பூஜையும் போட்டாயிற்று. வங்கித் தவணை அடுத்த மாதம் ஆரம்பம். வாடகை, கரண்ட் பில், ஆபரேட்டர் சம்பளம் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. மெஷினும் நிற்கிறது. கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி, குறிச்சி சிட்கோ என்று கோவையில் எந்தப் பக்கம் போனாலும் முதல் வருடத்தில் ஜாப் ஒர்க்கில், அதாவது அடுத்தவர் டிராயிங்குக்குக் கூலிக்குப் பீஸ் போட்டுக் கொடுப்பதில் இறங்கி, இப்படித் தவிக்கிற ஒரு புதுப் பட்டறையைப் பார்க்கலாம். "வேலை நல்லாத் தெரியுங்க, ஆளுகதான் தெரியாது" என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு என் பழைய நாட்கள் ஞாபகம் வரும். நானும் பத்து வருடம் ஒரு கம்பெனியில் செட்டராக (ஒவ்வொரு வேலைக்கும் மெஷினைத் தயார் செய்பவராக) இருந்துவிட்டு, ஒற்றை மெஷினோடு வெளியே வந்தவன்தான்.

ஆள் பழகுவதும் ஒரு வேலைதான். லேத் செட்டிங் மாதிரியே அதற்கும் ஒரு வரிசை உண்டு, பழகப் பழகக் கை வரும். கூச்ச சுபாவம் இருப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். நான் பார்த்தவரை அதிகம் பேசாதவர்கள்தான் இதில் நன்றாக நிலைத்திருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று அவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. கோவையில் ஒரு பொருள் ஒரே கூரையின் கீழ் முழுதாக உருவாவது குறைவு. ஒரு பம்ப் ஷாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராடு ஒரு கடையில் வாங்குவார்கள். டர்னிங் (கடைசல்) ஒரு பட்டறை, கீவே (சாவிப் பள்ளம்) அடிப்பது இன்னொரு பட்டறை, ஹீட் ட்ரீட்மென்ட் வேறு இடம், கிரைண்டிங் மற்றோர் இடம். ஐந்து வாசல் ஏறி இறங்கிவிட்டுத்தான் அது பம்புக்குள் போகிறது. பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர், நூற்பாலை இயந்திரம், வால்வு, வண்டி உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் இதுதான் கதை. ஆக, இந்த ஊரில் பட்டறைக்காரர் எவருக்கும் இன்னொரு பட்டறைக்காரர் இல்லாமல் முடியாது. அந்தச் சங்கிலியில் நீங்கள் எந்தக் கண்ணி என்று நாலு பேருக்குத் தெரிய வைப்பதுதான் முதல் வருட வேலை.

யாரையும் பார்க்கப் போகும் முன்

"என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டால், புதியவர்கள் எல்லோரும் சொல்லும் பதில், "எல்லா வேலையும் பண்ணுவோங்க." இதைவிட மோசமான பதில் கிடையாது. கேட்டவர் மனதில் ஒன்றும் தங்காது. மூன்று வாரம் கழித்து அவரிடம் யாராவது "கன்மெட்டல் புஷ் போட ஆள் இருக்கா?" (வெண்கல வகை உலோகத்தில் செய்யும் குழல் வடிவ உதிரிபாகம்) என்று கேட்கும்போது உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் வரவே வராது.

அதனால் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்யுங்கள். என்னுடையது இப்படி இருந்தது: "200 விட்டம், 350 நீளம் வரைக்கும் சிஎன்சி டர்னிங். பித்தளை, கன்மெட்டல் புஷ் அதிகமாப் பண்றோம். 50 பீஸ்னாலும் எடுத்துக்குவோம்." அளவு (மில்லிமீட்டரில்), உலோகம், எண்ணிக்கை மூன்றும் அதில் இருக்கிறது. கடைசிப் பகுதிதான் எனக்குச் சோறு போட்டது. பெரிய பட்டறைகள் 50 பீஸுக்குச் செட்டிங் மாற்ற விரும்ப மாட்டார்கள்.

விசிட்டிங் கார்டின் முன்பக்கம் பெயரும் நம்பரும் போதும். பின்பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். மெஷினின் அளவு, எடுக்கும் உலோகங்கள், எதை வைத்து அளக்கிறீர்கள் என்பதை அங்கே அச்சடியுங்கள். போர் கேஜ் (துளையின் உள்விட்டத்தை அளக்கும் கருவி) வைத்திருக்கிறீர்களா, மைக்ரோமீட்டர் எந்த அளவு வரை இருக்கிறது என்பதெல்லாம் வேலை கொடுப்பவருக்கு மெஷினின் பிராண்டைவிட முக்கியம்.

பையில் ஒரு சாம்பிள் பீஸ் எப்போதும் இருக்கட்டும். எண்ணெய்த் தாளில் சுற்றி, துரு பிடிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது உங்கள் சொந்த டிராயிங்கில் நீங்களே போட்ட பீஸாக இருக்க வேண்டும். வேறொரு கஸ்டமரின் ஜாப்பைக் காட்டினால், பார்ப்பவர் ஃபினிஷிங் நன்றாக இருக்கிறது என்று பாராட்டுவார்; கூடவே, 'நாளைக்கு நம்ம ஜாப்பையும் இப்படி ஊரெல்லாம் காட்டுவான்' என்றும் நினைத்துக்கொள்வார்.

ஜிஎஸ்டி எண், உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இரண்டையும் முன்பே முடித்துவிடுங்கள். உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் அரசின் இணையதளத்தில் நடக்கிறது. கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பணம் கேட்கும் ஏஜென்ட்டிடம் போகாதீர்கள்.

ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து ஆரம்பியுங்கள்

புதியவர்கள் எடுத்த எடுப்பிலேயே பெரிய கம்பெனி பர்ச்சேஸ் மேனேஜரைப் பார்க்கத் துடிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆறு வாரம் கம்பெனி கம்பெனியாக வாசல் கேட்டில் நின்றேன். செக்யூரிட்டியைத் தாண்டியதே மூன்று இடத்தில்தான். கடைசியில் எனக்கு முதல் ஆர்டர் வாங்கிக் கொடுத்தது, இன்சர்ட் (லேத் டூலின் முனையில் மாட்டும் வெட்டுத் துண்டு) விற்க வந்த ஒரு டூல் சேல்ஸ் தம்பி.

அன்று நான் சிஎன்எம்ஜி 120408 ரகத்தில் ஒரு பெட்டி வாங்கினேன். பத்து இன்சர்ட். பில் போட்டுக்கொண்டே, "அண்ணா, லோடு இல்லீங்களா? மெஷின் நிக்குதே" என்று கேட்டார். லோடு, அதாவது கையில் வேலை, இல்லை என்றேன். சொல்லவே கூச்சமாகத்தான் இருந்தது. அவர் பில் புக்கை மூடி வைத்துவிட்டு, "இப்பத்தான் சரவணம்பட்டில ஒருத்தர்கிட்ட இருந்து வர்றேனுங்க. அவருக்கு ஒரு மெஷின்ல ஸ்பிண்டில் பேரிங் போயி நாலு நாளா நிக்குது. புஷ் ஜாப் ஒண்ணு அவசரமாக் குடுக்கணும்னு தலைல கை வெச்சு உக்காந்திருக்கார். பேசித் தரட்டுங்களா?" என்றார். சாயங்காலமே அந்த ஜாப் என் பட்டறைக்கு வந்துவிட்டது. 300 பீஸ். இன்றுவரை அந்தப் பட்டறைக்கு வேலை செய்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தம்பி ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பட்டறை ஏறுகிறார். யாரிடம் லோடு வழிகிறது, யார் மெஷின் நிற்கிறது, யார் புதுசாக விஎம்சி (மில்லிங் மெஷின்) வாங்கப்போகிறார் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த மேனேஜருக்கும் தெரியாது. ராடு கடைக்காரரும் அப்படியே. இஎன்8 ரக எஃகு ராடு டன் கணக்கில் யாருக்குப் போகிறது என்பது அவர் பில் புக்கில் இருக்கிறது. ஹீட் ட்ரீட்மென்ட் போடுபவர், பிளேட்டிங் போடுபவர், மெஷின் சர்வீஸ் இன்ஜினியர், ஜாப் ஏற்றி இறக்கும் டாட்டா ஏஸ் டிரைவர் என்று நீளும் இந்தப் பட்டியலை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இவர்களில் பத்துப் பேரோடு நல்ல பழக்கம் வந்துவிட்டால் முதல் வருடம் ஓடிவிடும்.

இதை வெறும் அனுபவமாக மட்டும் சொல்லவில்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பாஸ்டனுக்குப் பக்கத்தில், தெரிந்தவர்கள் மூலம் புது வேலைக்குப் போனவர்களிடம், "தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பேன் என்றவர்கள் 55.6 சதவீதம். அபூர்வமாகத்தான் பார்ப்பேன் என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த செய்தி ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும். பழக்கம் மட்டும் உள்ளவர் வேறொரு வட்டத்தில் சுற்றுகிறவர். அவர்தான் புதுச் செய்தி கொண்டு வருகிறார். அந்த டூல் தம்பி எனக்கு நண்பர்கூட இல்லை, இரண்டாவது முறையாகத்தான் பார்த்தேன்.

இவர்களோடு எப்படிப் பழகுவது? முதலில், கடன் வைத்தால் சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள். ராடு கடைக்காரர் உங்களைப் பற்றி நாலு பேரிடம் சொல்லும் முதல் வார்த்தை "காசு கரெக்டாக் குடுத்துருவாப்ல" என்று இருக்க வேண்டும். அப்புறம், உங்கள் பட்டறைக்கு வருகிறவரை வாசலில் நிற்க வைத்துப் பேசாதீர்கள். உட்கார வைத்து ஒரு டீ சொல்லுங்கள். வெயிலில் பைக்கில் பத்து இடம் ஏறி வருகிறவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் பெரிய விஷயம்.

போட்டிக்காரர்தான் முதல் கஸ்டமர்

பக்கத்து ஷெட்டில் உங்களைப் போலவே டர்னிங் செய்கிறவரைப் பார்த்தால் உள்ளூர ஒரு இறுக்கம் வரும். அதை முதல் மாதத்திலேயே விட்டுவிடுங்கள். அவருக்கு லோடு அதிகமானால் வெளியே கொடுக்கத்தான் வேண்டும். யாரிடம் கொடுப்பார்? பக்கத்தில் இருக்கிற, முகம் தெரிந்த ஆளிடம்தான்.

காலையில் பத்தரை மணிக்கு, இல்லாவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்கு, பக்கத்து பேக்கரிக்குப் போங்கள். கோவையில் டீக்கடை என்பதே பெரும்பாலும் பேக்கரிதான். தேங்காய் பன்னும் டீயுமாகப் பட்டறைக்காரர்கள் அங்கேதான் கூடுவார்கள். பட்டறைக்கே டீ வரவழைத்துக் குடித்தால் பத்து நிமிடம் மிச்சம். ஆனால் முதல் வருடத்தில் அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். போனவுடன் ஆர்டர் கேட்கவும் வேண்டாம். "எந்த கூலன்ட் போடுறீங்க, கை அரிக்கறதில்லைங்களா?" என்று கேளுங்கள். தொழிலைப் பற்றிக் கேட்டால் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. யாருக்காவது அவசரத்துக்கு ஒரு டிரில் பிட்டோ, 50-75 மைக்ரோமீட்டரோ தேவைப்பட்டால் கொடுத்து வாங்குங்கள். அப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும்.

இதில் இரண்டு எழுதாத சட்டம் உண்டு. யாரும் உங்களிடம் உட்கார வைத்துச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

ஒன்று, வேலை கொடுத்தவரின் தலைக்கு மேல் போகக் கூடாது. பக்கத்துப் பட்டறைக்காரர் தன் ஓவர்லோடை உங்களுக்குக் கொடுக்கிறார். டிராயிங்கின் மூலையில் அவருடைய கஸ்டமர் பெயர் இருக்கிறது. நேராக அந்தக் கம்பெனிக்குப் போய் "இதை நாங்கதான் பண்றோம், இன்னும் ரெண்டு ரூபா கம்மியாப் பண்ணித் தர்றோம்" என்று கேட்டால் ஒருவேளை ஆர்டர் கிடைக்கலாம். ஆனால் அடுத்த வாரத்துக்குள் அந்தத் தெரு முழுக்கச் செய்தி பரவிவிடும். அதன் பிறகு யாரும் உங்களுக்குப் பீஸ் தர மாட்டார்கள். அந்தக் கம்பெனியே நேராக உங்களைக் கூப்பிட்டாலும், வேலை கொடுத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். நான் அப்படி ஒருமுறை சொன்னபோது, "போய்ப் பாருங்க தம்பி, என்னால அந்த ஜாப்ப இனி பண்ண முடியாது" என்று அவரே அனுப்பி வைத்தார்.

இரண்டு, ஆபரேட்டரை இழுக்கக் கூடாது. நல்ல ஆபரேட்டர் கிடைப்பது இன்று குதிரைக்கொம்பு. பக்கத்துப் பட்டறைப் பையன் தானாக வந்து "உங்ககிட்ட வர்றேன்" என்று சொன்னாலும், அவன் முதலாளிக்கு ஒரு ஃபோன் போட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு

கோவைத் தொழிலில் சொந்தபந்தமும் சாதியும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மாமன் பவுண்டரி, மச்சான் பட்டறை, சித்தப்பா ராடு கடை என்று பிறக்கும்போதே ஆள் பழக்கத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தர்மபுரியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ ஐடிஐ முடித்து வந்து, பத்து வருடம் ஆபரேட்டராக இருந்து, மெஷின் வாங்குகிறவருக்கு அது ஒன்றும் கிடையாது. "நீங்க எந்த ஊருங்க, யாருங்க?" என்ற கேள்வியே அவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். அது நியாயமில்லாத நிலை. ஆனால் வழியே இல்லாத நிலை என்று சொல்ல மாட்டேன்.

இவர்களுக்கு நான் சொல்வது, நீங்கள் வேலை பார்த்த பழைய கம்பெனிதான் உங்கள் சொந்தபந்தம். அங்கே உங்களோடு இருந்தவர்கள் இப்போது இருபது இடத்தில் சிதறியிருப்பார்கள். ஒருவர் ஒரு கம்பெனியில் கியூசி (தரப் பரிசோதனை), இன்னொருவர் வேறோர் இடத்தில் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். அவர்களுக்கு உங்கள் கை எப்படிப்பட்டது என்று நேரில் தெரியும். அதைச் சொந்தக்காரர்களால்கூடச் சொல்ல முடியாது. எனவே பழைய கம்பெனியை விட்டு வரும்போது சண்டை போட்டுக்கொண்டு வராதீர்கள். சம்பளப் பாக்கி இருந்தாலும் பக்குவமாகப் பேசி வாங்கிக்கொண்டு, போர்மேனிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

பட்டறை நடத்தும் பெண்களுக்கும் இதே மாதிரி ஒரு தடை உண்டு. ஃபோன் எடுத்தால் "சார் இல்லைங்களா?" என்பார்கள். கார்டில் உங்கள் பெயரையே உரிமையாளர் என்று போடுங்கள்; டிராயிங் பேசுவதையும் ரேட் சொல்வதையும் நீங்களே செய்யுங்கள். டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) பற்றி நீங்கள் இரண்டு கேள்வி கேட்ட பிறகு அந்த "சார்" தேடல் நின்றுவிடும்.

சங்கமும் கண்காட்சியும்

கொடிசியா என்று எல்லோரும் சொல்லும் கோயம்புத்தூர் மாவட்டச் சிறுதொழில்கள் சங்கம் 1969இல் தொடங்கியது. இதுபோலத் தொழில்வாரியாகவும் பகுதிவாரியாகவும் சங்கங்கள் இருக்கின்றன. உறுப்பினராவது நல்லது. ஆனால் சந்தா கட்டிவிட்டு வருடத்துக்கு ஒருமுறை பொதுக்குழுச் சாப்பாட்டுக்குப் போவதால் பயனில்லை. ஜிஎஸ்டி விளக்கக் கூட்டம், பயிற்சி வகுப்பு மாதிரிச் சின்னக் கூட்டங்களுக்குப் போங்கள். முப்பது பேர் வரும் கூட்டத்தில் பத்துப் பேரோடு பேசலாம். முன்னூறு பேர் வரும் விழாவில் முதுகுகளைத்தான் பார்க்க முடியும்.

அவிநாசி சாலையில் கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் மாதிரி இயந்திரக் கண்காட்சிக்குக் கட்டாயம் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போகாதீர்கள்; வேலைநாளில் காலையில், கதவு திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் போங்கள். ஸ்டாலில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் நின்று பேச நேரமும் தெம்பும் இருக்கும். ஸ்டால் பட்டியலை முன்பே பார்த்து, உங்கள் வேலையோடு சம்பந்தமுள்ள எட்டு ஸ்டாலை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பை நிறைய கேட்டலாக் சேர்ப்பதில் ஒன்றுமில்லை.

ஸ்டாலில் போய் "நாங்க ஜாப் ஒர்க் பண்றோம், வேலை இருந்தாக் குடுங்க" என்றால் ஒரு கார்டு வாங்கி டப்பாவில் போடுவார்கள். அங்கே வைத்திருக்கும் பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். "இந்த ஸ்லீவ் 304ங்களா? உள்ள ஃபினிஷிங் எப்படிக் கொண்டு வர்றீங்க?" என்று கேளுங்கள். (304 என்பது ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்.) அவர் பதில் சொல்லும்போது அவருக்கு எது தொல்லையாக இருக்கிறது என்பது தானாக வெளியே வரும். நகர்ந்ததும் அவருடைய கார்டின் பின்னால் அதைப் பேனாவால் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் இரவுக்குள் எட்டு முகமும் ஒன்றாகிவிடும்.

அன்று இரவே, தள்ளினால் மறுநாள் காலைக்குள், ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். நான் ஒருமுறை அனுப்பியதைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன்:

"வணக்கம் சார். இன்னைக்குக் காலைல உங்க ஸ்டாலில் 304 ஸ்லீவ் பத்திப் பேசினோம். உள் விட்டத்துல கோடு விழுது, ரீவொர்க் ஆகுதுன்னு சொன்னீங்க. அதே அளவுல ஒரு டிரையல் பீஸ் போட்டுக் கொண்டு வந்து காட்டலாமுங்களா? பிடிச்சா மேற்கொண்டு பேசலாம்."

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு ஃபோன். அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள்; அடுத்த கண்காட்சியில் பார்க்கும்போது சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்லுங்கள். தினமும் குட் மார்னிங் படம் அனுப்பி அவர்கள் உங்களை மியூட்டில் போடும் நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். லிங்க்ட்இன் வைத்துக்கொள்ளலாம், வெளிமாநில, வெளிநாட்டு விசாரணைக்கு அது உதவும். உள்ளூர்ச் சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன.

பர்ச்சேஸ் ஆபீஸுக்குள்

திங்கட்கிழமை காலையும் மாதக் கடைசியும் வேண்டாம். நேரம் கேட்டுக்கொண்டு போங்கள், பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். பர்ச்சேஸ் மேனேஜரை மட்டும் பார்த்துவிட்டு வராமல், முடிந்தால் கியூசியில் இருப்பவரையும் அறிமுகம் செய்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பீஸைத் தள்ளுவதும் எடுப்பதும் அவர் கையில்தான். ரேட் கேட்டால் அங்கேயே வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். "டிராயிங் குடுங்க சார், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கொட்டேஷன் அனுப்பறேன்" என்று சொல்லி, மத்தியானத்துக்கு முன்பே அனுப்புங்கள்.

யாராவது தனக்கென்று கமிஷன் கேட்டால் அந்த வாசலை மறந்துவிடுங்கள். அந்த ஆள் மாறியதும் ஆர்டரும் போகும், பெயரும் கெடும்.

நோ-கோ உள்ளே போன காலை

இத்தனை பேரைப் பழகி வைத்தாலும், பழக்கம் நம்பிக்கையாக மாறும் இடம் ஒன்று உண்டு. அது நம் பக்கம் தப்பு நடக்கும் நாள்.

எனக்கு அது இரண்டாவது வருடம் வந்தது. கன்மெட்டல் புஷ், உள்விட்டம் 25 எச்7. அதாவது 25.000 முதல் 25.021 மில்லிமீட்டர் வரை போகலாம், அதற்கு மேல் ஒரு மைக்ரான்கூட (0.001 மில்லிமீட்டர்) கூடாது. 120 பீஸ், மெட்டீரியல் கஸ்டமருடையது. காலையில் வந்து, இரவு ஷிஃப்டில் முடித்த ஜாப்பை எடுத்து, துளையைச் சோதிக்கும் பிளக் கேஜைப் போட்டேன். அதன் கோ பக்கம் உள்ளே போக வேண்டும், நோ-கோ பக்கம் போகக் கூடாது. கோ பக்கம் போனது, சரி. திருப்பிப் போட்டேன். நோ-கோ பக்கமும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. வயிற்றைப் பிசைந்தது. போர் கேஜில் அளந்தால் 25.028. ஆபரேட்டர் தூக்கக் கலக்கத்தில் ஆஃப்செட்டை (டூலின் அளவுத் திருத்தத்தை) இரண்டு முறை கொடுத்துவிட்டார். எல்லாவற்றையும் எண்ணி முடித்தபோது 34 பீஸ் போயிருந்தது.

"கலந்து அனுப்பிரலாங்ணா, அவுங்க எல்லாத்தையுமா அளக்கப்போறாங்க?" என்று அந்தப் பையன் கேட்டான். பயத்தில் கேட்டான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். நான் அந்த 34 பீஸிலும் சிவப்பு மார்க்கர் போட்டு, தனி டிரேயில் வைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஃபோனில் சொல்லவில்லை, இந்த மாதிரிச் செய்தியை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கியூசி சாரிடம், "34 பீஸ் 7 மைக்ரான் வரைக்கும் ஓவர் சார், தப்பு எங்களுது, மெட்டீரியல் காசு பில்லுல கழிச்சுக்கங்க. மாத்து மெட்டீரியல் குடுத்தா நாளைக்கு ராத்திரிக்குள்ள போட்டுத் தர்றேன்" என்றேன். அவர் பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பீஸ்களை அளந்துகொண்டிருந்தார். அப்புறம், "நல்ல பீஸையும் சிவப்பு பீஸையும் நீங்களே பிரிச்சுட்டீங்க, எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். அந்த மாதம் எனக்கு நஷ்டம்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து அவர் வேறு கம்பெனிக்கு மாறியபோது, அங்கே முதலில் கூப்பிட்ட பட்டறைகளில் என்னுடையதும் ஒன்று.

தாமதமும் இதே மாதிரிதான். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய ஜாப் வராது என்று புதன்கிழமையே உங்களுக்குத் தெரிந்துவிடும். அன்றே சொல்லுங்கள். புதன்கிழமை சொன்னால் அவர்கள் அசெம்பிளியை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் "வண்டி கிளம்பிருச்சு சார்" என்று பொய் சொன்னால், அங்கே எட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

காசு கேட்பது

பழக்கம் கெட்டுவிடுமோ என்று பயந்து பணம் கேட்காமலே இருந்து மூடிப்போன பட்டறைகள் எனக்குத் தெரியும். ஆர்டர் எடுக்கும்போதே எத்தனை நாளில் பணம் என்று பேசி, அதை எழுத்தில் வாங்குங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்குப் பேசிக்கொண்ட கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் பிறகு வந்திருக்கிறது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிட்டால், அக்கவுண்ட்ஸில் இருப்பவர்களே அதைக் கவனித்துக்கொள்வார்கள்.

சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்ட வேண்டியதில்லை. பில் போன ஒரு வாரத்தில் அக்கவுண்ட்ஸுக்கு ஃபோன் செய்து, "அக்கா, பில் வந்து சேந்துருச்சுங்களா, ஏதாச்சும் கரெக்‌ஷன் இருக்குங்களா?" என்று மட்டும் கேளுங்கள். பாதித் தாமதம் பில்லில் இருக்கும் பிழையால்தான் வருகிறது. பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர் தப்பு, சலான் நம்பர் இல்லை, இந்த மாதிரி. கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்பு இன்னொரு ஃபோன். பணம் வந்ததும் நன்றி சொல்லி ஒரு செய்தி. பணம் வந்த பிறகு நன்றி சொல்கிறவர்கள் குறைவு என்பதால் அந்த அக்காவுக்கு உங்கள் பெயர் நன்றாக ஞாபகம் இருக்கும்.

ஆயுத பூஜைக்கு இப்போதே நோட்டில் குறித்து வையுங்கள்

வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் ஆள் பழக நேரம் ஒதுக்க முடியும் என்று யாராவது சொன்னால், நான் ஆயுத பூஜையைத்தான் சொல்வேன். மெஷின் எல்லாம் நிறுத்தி, சிப்ஸ் அள்ளி, டீசல் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, எல்லாப் பட்டறையும் கதவைத் திறந்து வைத்திருக்கும் நாள் அது. அன்று யாரும் யாரையும் "என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்க மாட்டார்கள்.

இரண்டு வாரம் முன்பே ஒரு பட்டியல் போடுங்கள். வேலை கொடுத்தவர்கள், ராடு கடை, டூல் தம்பி, ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங், வண்டி டிரைவர், பேக்கரிக்காரர், பழைய போர்மேன். எல்லோரையும் நேரில் போய் அழையுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஃபோன். ஒவ்வொரு பட்டறையிலும் பூஜை நேரம் வேறாக இருக்கும் என்பதால், யார் எப்போது போடுகிறார்கள் என்று அழைக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பூஜையைக் காலையிலேயே முடித்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் நீங்கள் ஐந்தாறு பட்டறைக்குப் போய் வரலாம். போகிற இடத்தில் அவர்கள் மெஷினைச் சுற்றிப் பாருங்கள், ஆபரேட்டர்களிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள், ஆர்டர் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

பொரி, கடலை, ஒரு ஸ்வீட் பாக்ஸ் போதும். பொரி மூட்டையை இரண்டு நாள் முன்பே வாங்கிவிடுங்கள், கடைசி நாளில் விலை ஏறிவிடும். எண்ணிக்கையில் பத்துப் பாக்கெட் கூடவே போட்டு வையுங்கள். நீங்கள் அழைக்காத ஒருவர், பக்கத்துத் தெருவில் போன மாதம்தான் ஷெட் எடுத்தவர், வாசலில் தயங்கி நிற்பார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன மெஷின் போட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.